பன்னிரண்டு அடி

மால்பேயில் பங்கேராவின் விடுதிக்கு
முன்னூற்று எண்பது அடி ஓட்டினோம்.
தண்ணீர் பீறிட்டது. சமையற்காரன் குடத்தோடு ஓடிவந்தான்.
நாக்கில் வைத்தால் கடல்.
உப்புக்குப் பாதிக் காசுதான் என்றார் அவர்.
மீதிக்கு, சுவரில் சாய்ந்திருந்த
மஞ்சள் கயாக்கைக் காட்டினார்.

பேசி முடிக்க மூன்று நாள்.
மூன்று காலையும், அலை எழும்புமுன்,
விடுதிப் பையன் என்னை ஏற்றிவிட்டான்.
ஒரே கழி, இரு முனையிலும் இலை.
கடல் வெந்நீர் அண்டாபோல் வெதுவெதுத்தது.
பதினெட்டு வருடம் தண்ணீர் தேடிப் பிழைத்தவன்
அதன்மேல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கேசிங் பைப்புக்கு மேலே வைத்துக் கட்டினோம்.
திம்பத்தின் இருபத்தேழு வளைவிலும்
கயிறு முனகிக்கொண்டே வந்தது.
"பொணப்பொட்டிங்களா?" என்றார் பண்ணாரிச் சாவடிக்காரர்.
திருச்செங்கோட்டில் நாகமணி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.
"இதுல எருமைகூட வாய் வெக்காது."
உள்ளே போய்விட்டாள்.

இன்று புரட்டாசிச் சனிக்கிழமை.
வடக்கே மழை. ரிக் வண்டி பட்டறையில் நிற்கிறது,
கம்ப்ரஸர் தரையில் பிரிந்து கிடக்கிறது.
வீட்டு மீன்சட்டி பரணேறி மூன்று வாரம்.
நான் நெரிஞ்சிப்பேட்டையில்,
கதவணை பிடித்து நிறுத்திய காவிரியில்.

பாலமலை தலைகீழாக நிற்கிறது தண்ணீரில்.
அதன் உச்சியில் தூண்டில் போடுகிறேன்.
பூலாம்பட்டிப் படகு ஆறு பைக்குகளோடு கடக்கிறது,
அதன் அலை என்னைத் தூக்கி,
கொஞ்சம் யோசித்து,
இறக்கி வைக்கிறது.

பொங்கியண்ணன் பரிசலில் வருகிறார்,
வட்டமடித்துக்கொண்டே நேராக.
"ஏனுங், புரட்டாசீல புடிச்சு?"
"உட்டுருவனுங்."
"உடறதுக்கா புடிக்கறீங்க?"
துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு
என் மஞ்சளை வெகுநேரம் பார்த்தார்.
"அதுஞ் செரி. இந்த மாசம் வெலையுமில்ல."
சுற்றிக்கொண்டே போனார்.

ஈயக்குண்டு இறங்குகிறது.
பன்னிரண்டு அடியில் தரை.
எங்கள் தொழிலில் இது ஒரு ராடுக்குக் காணாது,
பில்லில்கூட ஏறாது.
நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு
கீழே யார் என்று கேட்டபடி இருக்கிறேன்.
சுத்தியல் இல்லை, புழுதி இல்லை,
காதில் பஞ்சும் இல்லை.

செல்போன் அடித்தது.
ஊதியூர்க்காரம்மா.

பங்குனியில் அவர் காட்டில்
ஆயிரத்து நூற்று நாற்பது அடி ஓட்டினோம்.
புகை. வெறும் புகை.
தென்னம்பிள்ளைகள் வெள்ளை பூசிக்கொண்டு நின்றன.
பேசிய காசை ஒரு ரூபாய் குறையாமல்
சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார்,
எங்கள் ஆட்களுக்கு மோரும்.

"தம்பி, மேக்கால மூலைல ஒரு பாயிண்ட் சொல்றாங்க.
தேங்கா நட்டமா நின்னுச்சாமா.
ஓட்டிப் பாத்தரலாமுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்த நேரம்
விரல் அறுபடுகிற மாதிரி ஒரு இழுப்பு.
வாளையாக இருக்க வேண்டும். கயாக்கின் மூக்குத் திரும்பியது.
செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கினேன்,
படகு என்னைக் கேட்காமல் ஆற்றின் நடுவுக்குப் போனது,
மீன் ஒருமுறை மேலே வந்து
மொத்த உடம்பாலும் தண்ணீரை அடித்தது.

"அதென்னுங் தம்பி சத்தம்?"
"தண்ணீங்க."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.
ஒரு மாடு கத்துவது கேட்டது.
பிறகு மெதுவாக,
பக்கத்தில் தூங்கும் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல,
கேட்டார்:

"எத்தன அடீல?"

நரம்பு கையில் தளர்ந்திருந்தது.
எப்போது தளர்ந்தது என்று தெரியவில்லை.
பொய் சொல்லப் பல எண்கள் இருந்தன,
எல்லாமே நான் ஓட்டிய எண்கள்.